கிளட்சைத் தேய்த்த கால்

டிரைவர் லாரிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்தான். கியர்பாக்ஸின் பாதி பாரம் ஜாக்கியில், மீதி மச்சினன் பிடித்திருந்த கயிற்றில். வண்டிக்குப் பதினெட்டு வயசு. ஒரு போல்ட்கூடச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மெக்கானிக் ஷெட்டில் விட்டால் மூன்று நாள் காக்க வைப்பார்கள். நாளைக் காலை ஏழு மணிக்குக் குடோனில் வண்டி நிற்காவிட்டால் லோடு வேறொருவனுக்கு. அப்படிப் போன லோடு திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"மெதுவா விடு. மெதுவா!"

கியர்பாக்ஸ் இறங்கியது. மச்சினன் உள்ளேயிருந்த கிளட்ச் பிளேட்டை எடுத்து வெயிலில் திருப்பினான். ரிவெட் வரைக்கும் தேய்ந்து, தீய்ந்த வாடை அடித்தது.

"என்ன மாமா, காகிதமா ஆயிடுச்சு! ஒன்றரை மாசத்துல அக்கா தின்னே தீத்துட்டா."

டிரைவரின் மனைவி வாசலில் உட்கார்ந்து போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் லாரியை ஓட்டியவள், லைசென்ஸ் வைத்திருப்பவள்.

முந்தாநாள் குடோன் மேட்டில் வண்டி புகைந்து நின்றபோது ஸ்டீயரிங்கில் அவள், பக்கத்தில் டிரைவர். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்று முதலில் கத்தியவன் அவன்தான். மானம் போகிற நேரத்தில் மனிதன் கையில் அகப்பட்டதை இழுத்துப் போர்த்திக்கொள்வான். அவனுக்கு அகப்பட்டவள் அவள். குடோன் சூப்பர்வைசர் உடனே அதைப் பிடித்துக்கொண்டு கேட் காவலாளியிடம் சொல்லிவிட்டார்: "இனிமே அந்தம்மா ஓட்டிட்டு வந்தா கேட்டைத் திறக்காத."

மச்சினன் சாப்பிடப் போனான். டிரைவர் கிளட்ச் பெடலிலிருந்து வரும் ராட் கம்பியைக் கழற்றக் கை வைத்தான். நட்டு மரையின் கடைசிக்குப் போயிருந்தது. அது யார் முறுக்கிய நட்டு என்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ரெண்டு மாதம் முன்பு அதே குடோனில் அடுக்கு சரிந்து, மூட்டைகள் அவன் இடது முட்டியில் விழுந்தன. அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்கு முன் நொண்டிக்கொண்டு வந்த ஒரு டிரைவரை, "போய் ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். அவர் இன்னும் ரெஸ்டில்தான் இருக்கிறார். அதனால் பெடலைப் பாதி மிதித்தாலே போதும் என்கிற மாதிரி ராடை முறுக்கி வைத்தான். பெடலில் ஒரு விரல் அளவாவது சும்மா ஆட இடம் வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே தேயும். கற்றுக்குட்டிக்குக்கூடத் தெரிந்த சங்கதி. ரெண்டு நாளில் தளர்த்திவிடலாம் என்று நினைத்தான். முட்டி இன்னும் வீங்கியது. கண்ணில் ஆபரேஷன் என்று குடோனில் பொய் சொல்லி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அவளை ஓட்ட வைத்தான். நட்டை மறந்தே போனான்.

முதல் வாரமே அவள் சொன்னாள், பெடல் மேலேயே பிடிக்கிறது என்று. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று வாயை அடைத்துவிட்டான்.

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவே வெட்கமாக இருந்தது. அங்கேயே கிடந்தபடி சொன்னான்.

"நீ இல்ல. நான்தான் தேய்ச்சேன். ராடை நான்தான் முறுக்கி வச்சேன்."

போல்ட்டுகளைத் தேய்க்கும் சத்தம் நின்றது.

"தெரியும்" என்றாள். "உங்க முட்டிக்காகத்தான் அப்படி வச்சிருக்கீங்கன்னு அப்பவே தெரியும். தளர்த்திட்டா திரும்ப ஓட்டும்போது நீங்க எப்படி மிதிப்பீங்க? அதான் தொடாம விட்டேன்."

அவன் லாரியின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"நாளைக்கே போய் சூப்பர்வைசர்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

"சொல்லி? இப்ப என்னை மட்டும்தான் வேண்டாங்கறாங்க. கால் போச்சுன்னு தெரிஞ்சா உங்களையும் அனுப்பிடுவாங்க. கழுவுனதை எடுத்துக்குங்க, மழை வர்றதுக்குள்ள மாட்டணும்."

பொழுது சாயும்போது புது பிளேட்டை மாட்டி முடித்தார்கள். இந்த முறை ஒரு விரல் இடம் விட்டு ராடை முறுக்கினான். ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தான். பாதியில் முட்டி நின்றுவிட்டது. கையை முட்டிமேல் வைத்து அழுத்திய பிறகுதான் இறங்கியது. அப்புறம் அவள் ஏறினாள். குலுக்கலே இல்லாமல் வண்டி சந்துக்குள் பின்னால் போய் முன்னால் வந்தது.

மறுநாள் அவள்தான் ஓட்டினாள். குடோன் சுவர் திரும்பும் இடத்தில், கேட்டிலிருந்து தெரியாதபடி நிறுத்திவிட்டு இறங்கினாள். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்குக்கு நகர்ந்தான். "கையால அழுத்துங்க. அவசரப்படாதீங்க" என்று கதவைச் சாத்தினாள்.

ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் முட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தான். காவலாளி கம்பியைத் தூக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே ஜன்னலருகே வந்தான்.

"பாத்தியா, கை மாறுனதும் வண்டி எப்படிப் போவுது!"

கண்ணாடியில் அவள் தெரிந்தாள். சுவரோரம், பின்னால் வரும் லாரிக்கு ஒதுங்கி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புழுதியில் நின்றிருந்தாள்.

"ஆமாங்க" என்றான் டிரைவர்.