பதினொன்றால் வகுபடும்

ஹர்ஷினி எது பேசினாலும் ஆட்கள் சிரித்தார்கள். யோகேஸ்வரியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் காளிராஜுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் யோகேஸ்வரி, கணிதத்தில் முதுகலை. இளையவள் ஹர்ஷினி, பேச்சில் முதுகலை. ஆர்டர் பிடிக்கும் பொறுப்பை இந்த சீசனில் இருவரில் ஒருத்தியிடம் விட்டுவிடப் போவதாகக் காளிராஜ் சொல்லியிருந்தார். யோகேஸ்வரி ஆறு வருடமாகக் காத்திருந்தாள். ஹர்ஷினி வந்ததே போன தையில்தான்.

மதுரை வரை கிளை பரப்பிய காரியாபட்டி பட்டுக்கடை முதலாளி கனகசபாபதி வந்திருந்தார்.

“ஒரு லட்சம் காலண்டர். மொய் வைக்கிற மாதிரி ஒண்ணு கூட்டிப் போடுங்க. சைபர்ல முடியக் கூடாது பாருங்க.”

ஹர்ஷினி செல்போனில் தட்டினாள். “முதலாளி, அங்கனதான் விசயமே! ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, எதாலயும் வகுபடல. கல்யாணப் பட்டு விக்கிறீக, அட்டையில இதையே போட்டுருவமா? ‘ஒரு லட்சத்து ஒன்று: பிரிக்க முடியாத எண், பிரியாத ஜோடி!’”

கனகசபாபதி மேசையைத் தட்டினார். “காளிராஜ், ஒம்ம வீட்டுக்கு வந்தது மருமகளா, விளம்பரக் கம்பெனியா?”

ஓரத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த யோகேஸ்வரி நிமிரவில்லை. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் இந்தப் பக்கமும் ஒன்று, அந்தப் பக்கமும் ஒன்று. வித்தியாசம் பூஜ்யம். அப்படியானால் பதினொன்றால் வகுபடும். ஈவு ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்று ஒன்று.

அவள் சொல்லவில்லை. அச்சாகட்டும், அப்புறம் சொன்னால்தான் இவளுக்கு உறைக்கும்.

அட்டைகள் அத்தனையும் அச்சாகி அடுக்கிய அன்று மாமனார் முன்னால் போய்க் கணக்கைப் போட்டுக் காட்டினாள்.

ஹர்ஷினியின் முகம் சுண்டிப்போனது. “ஏழோட நிறுத்திட்டேன் மாமா.”

காளிராஜ் கண்ணாடியைக் கழற்றினார். “நீ எப்பம்மா கண்டுபிடிச்ச?”

“அவ சொன்ன நிமிசமே!” பெருமையில் யோகேஸ்வரிக்கு வாய் முந்திக்கொண்டது.

“அன்னைக்கேவா? அம்புட்டு அட்டையும் ஓடி முடியட்டும்னு பாத்துக்கிட்டா இருந்த?”

யோகேஸ்வரி கணக்குப் போட்ட தாளை மடித்துக்கொண்டாள்.

“தெரியாம தப்புப் பண்ணுனவள திருத்திக்கிடலாம். தெரிஞ்சும் பேசாம இருந்தவகிட்ட நான் எப்படிம்மா ஆர்டரைக் குடுப்பேன்?”

பொறுப்பு ஹர்ஷினிக்குப் போனது. நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவள் கேட்டாள்: “அக்கா, பக்கத்துல நெசமாவே வகுபடாத எண்ணு இருக்கா?”

இருந்தது. அதன் வர்க்கமூலத்தை ஒட்டிய முந்நூற்றுப் பதினாறு வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்து, யோகேஸ்வரி அதை எப்போதோ உறுதி செய்திருந்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் தெரியாது என்று இவளிடமா சொல்வது?

“ஒரு லட்சத்து மூணு,” என்றாள் வெடுக்கென்று.

ஹர்ஷினி அதற்குள் போனைப் போட்டுவிட்டாள். “முதலாளி, தப்பு என் பேர்லதான். அட்டையை மாத்தி, காலண்டர்ல ரெண்டு கூட்டித் தாறோம். சரியான எண்ணை எங்க அக்காதான் கண்டுபிடிச்சாக.”

“அக்காவை விட்டுக்குடுக்காம பேசுறியே தாயி! ஒன்னை மாதிரி ஒருத்தி வேணும் வீட்டுக்கு!” என்று மறுமுனையில் கனகசபாபதி மெச்சியது யோகேஸ்வரிக்குத் தெளிவாகக் கேட்டது.