உடன் இருந்தவர்

ஒலிப்பதிவை மூன்றாம் முறை ஓட்டியபோதும் 'அகராதி' என்று எல்லோரும் கூப்பிடும் அதிகாரியின் காதில் அதே வாக்கியம்தான் விழுந்தது. அண்ணன் பசியோடு வருகிறார். எதிர்க்கரை நாட்டு மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரேடியோவில் போன பேச்சு அது. இரைச்சலுக்கு நடுவே ஒரு கரகரத்த குரல். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுவாய் பயனிலை பிசகாமல் மொழிபெயர்த்து எழுதி வைத்தான். வகுப்பிலிருந்த பதினோரு கடற்படை அதிகாரிகளில் பத்துப் பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். 'ஓட்டைவாய்' என்பவனின் தாளில் மட்டும் வேறு இருந்தது. 'ரோந்துக் கப்பல் வருகிறது, சோதனை போடப்போகிறார்கள்.'

மொழி ஆசிரியை அந்தத் தாளைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். எதிர்க்கரை நாட்டில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவள். "ஒன்பது மாசமா இப்படி ஒரு தாளுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். அந்தக் கடல்ல ரோந்துக் கப்பலுக்கு அண்ணன்னுதான் பேரு. பசின்னா சோதனை. எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. எங்க சார் புடிச்சீங்க?"

"சும்மா காத்துவாக்குல விழுந்தது மேடம்."

எந்தக் காற்று என்று அகராதிக்குத் தெரியும். அவனுக்கு வாய் கசந்தது.

இருவரும் சகலைகள். அகராதி அக்காளைக் கட்டியவன், ஓட்டைவாய் தங்கையை. அதிகாரிகள் குடியிருப்பில் இவன் கீழ்வீடு, அவன் மாடி. எதிர்க்கரை மொழியின் அகராதியைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ததால் இவனுக்கு அந்தப் பெயர். "பேர் வெச்சவங்க ரெண்டு அர்த்தத்தையும் யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க" என்பாள் இவன் மனைவி. பாதுகாப்பு வகுப்பில் கேள்வி முடியுமுன் பதில் சொல்லி, பாதுகாப்பு அதிகாரியிடமே 'ஓட்டைவாய்' என்று பட்டம் வாங்கியவன் அவன். பயிற்சி முடிந்ததும் ஒரே ஒருவர் எதிர்க்கரைத் தூதரகத்துக்கு இரண்டு வருடம் போகலாம். அகராதி அதற்காக மூன்று வருடம் மனுப் போட்டவன். ஓட்டைவாய், இவன் போடுகிறானே என்று போட்டவன். எட்டுத் தேர்விலும் இவன்தான் முதல். ஆனாலும் மாமனார் வீட்டுக்கு அவன் போனால் இலை போடுவார்கள், இவன் போனால் நாற்காலி போடுவார்கள். இந்த வித்தியாசத்தை யாரிடமும் சொல்லி அழ முடியாது. சொன்னால் நாற்காலி என்ன கேவலமா என்று கேட்பார்கள்.

போன சனிக்கிழமை இருவரும் துறைமுகப் பழுதுபட்டறைக்குப் போயிருந்தார்கள். எதிர்க்கரைச் சரக்குப் படகு ஒன்று இன்ஜின் பிரிந்து கிடந்தது. அதன் இன்ஜின் டிரைவரிடம் அகராதிதான் முதலில் பேச்சுக் கொடுத்தான். ஒன்பது மாதம் படித்த மொழியில், ஒரு வேற்றுமை உருபு தவறாமல் நலம் விசாரித்தான். டிரைவர் எழுந்து நின்று கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஓட்டைவாயிடம் என்னவோ சொன்னார். அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்லண்ணே. சார் கோர்ட்டுல தீர்ப்பு வாசிக்கிற மாதிரி பேசுறாராம்."

அகராதி நகர்ந்துபோய்க் கப்பல்துறையின் விளிம்பில் நின்றுகொண்டான். தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. முதுகுக்குப் பின்னால் அரைகுறை மொழியில் கேள்வி, டீ கிளாஸ் வைக்கும் சத்தம், மறுபடி சிரிப்பு. அரை மணி நேரம் அவன் திரும்பவில்லை. அந்த அரை மணியில்தான் அந்தச் சொல் கைமாறியிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஓட்டைவாய் கேட்டான். "அண்ணே, வெளிநாட்டு ஆளுகூடப் பேசினா ரெண்டு நாளுக்குள்ள தொடர்பு அறிக்கை குடுக்கணும்னாங்களே. இதுக்கும் குடுக்கணுமா?"

"ஒரு டீக்கெல்லாமா? ஆபீஸ்ல சிரிப்பாங்க."

சொன்னபோது அதில் சூது இல்லை. அப்படித்தான் அகராதி தனக்குச் சொல்லிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலை, மேலே சகலை வீட்டில் பாட்டும் கூத்துமாக இருந்தபோது, மேசையில் உட்கார்ந்து தன் அறிக்கையை எழுதினான். ஆறாவது கட்டம், 'உடன் இருந்தவர்'. பேனா கொஞ்சம் நின்றது. பொய் எழுதக் கூடாது என்பது விதி. பெயரைப் பதவியோடு சேர்த்து முழுசாக எழுதினான்.

வியாழக்கிழமை தேர்வுக் குழு கூடியது. முதலில் ஓட்டைவாய் போனான். இருபது நிமிடத்தில் வெளியே வந்து, இவனைப் பார்க்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தான். உள்ளே பாதுகாப்பு அதிகாரியின் முன் அகராதியின் அறிக்கை விரிந்து கிடந்தது.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"அந்தச் சொல்லை எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டோம். பட்டறைலன்னு மறைக்காம சொன்னாரு. அறிக்கை ஏன் குடுக்கலைன்னா, மறந்துட்டேங்கிறாரு. வேற ஒரு வார்த்தை வரல." அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "குடுக்கணும்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

வாயை மூடத் தெரியாதவன் இதற்கு மட்டும் மூடியிருக்கிறான். நான்தான் வேண்டாம் என்றேன் சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் இரண்டு பேரின் வாய்ப்பும் போகும், மூன்றாவதாக எவனோ ஒருவன் கப்பலேறுவான். அதைவிட மோசமாக, இவனை மட்டும் கழித்துவிட்டால் சகலையே போய்விட்டு வந்து கதை கதையாகச் சொல்ல, மாமனார் வீடு முழுக்க உட்கார்ந்து கேட்பது அகராதியின் கண்முன் வந்தது.

"வகுப்புல சொல்லிக்குடுத்தாங்க சார்" என்றான்.

அதுவும் உண்மைதான்.

தூதரகத்துக்குப் போகும் ஆணை வந்த சாயங்காலம் அகராதி பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தான். மனைவி தங்கையைக் கூப்பிட மாடிக்குப் போய், தலைவலியாம் என்று திரும்பி வந்து, துணி மடிக்க உள்ளே போய்விட்டாள். வாசலில் நிழல் தட்டியது. ஓட்டைவாய் ஒரு சின்ன நோட்டை நீட்டினான்.

"அந்த டிரைவர் சொன்னது. புத்தகத்துல இல்லாததா பாத்து எழுதி வெச்சேன். எனக்கு இனிமே எதுக்கு?"

"சகலை, அன்னிக்கு..."

"போர்டுல உங்க அறிக்கையைக் காட்டினாங்க. கையெழுத்து முத்து முத்தா இருந்தது." அவன் கதவு நிலையைப் பார்த்துப் பேசினான். "என் பேருல ஒரு எழுத்துகூட விடல நீங்க."

படியேறிப் போனான். இவன் நோட்டைப் பிரித்தான். கோணல் மாணலான எழுத்து, டீ கிளாஸின் வட்டக் கறை. முதல் பக்கத்திலேயே அந்தச் சொல். எதிரே எழுதியிருந்தது: 'நாம பயப்படுற ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாதில்ல சார், அதான் அண்ணன்.'

மேலே கொழுந்தியாளின் குரல் கேட்டது. "கீழ யாருகூடங்க பேசிட்டு வர்றீங்க?"

ஓட்டைவாய் பதில் சொன்னான். ஒரே சொல், நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த அதே சொல். எதிர்க்கரை மொழியில், ரேடியோவில் கேட்ட அதே கரகரப்பில்.

அவளுக்கு அது புரிந்திருக்காது. என்னது, என்று கேட்டாள். பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. ஒன்பது மாதத்தில் அந்த மாடிக் கதவை யாரும் தாழிட்டு அகராதி கேட்டதில்லை.