ஆறாம் தடை

திருப்புலிவனம் கோப்பையின் ஒன்பது வருஷ வரலாறு பூராவும் பந்தல்காரர் முனிரத்தினத்தின் கயிற்று முடிச்சில்தான் நிற்கிறது. குதிரைகளுக்கு அதில் பெரிய பங்கில்லை. ஓடுவது குதிரையின் பிறவிக்குணம். தாண்டுவதற்கு எதிரே ஏதாவது இருக்க வேண்டுமே? அந்த ஏதாவதைக் கட்டியவர் முனிரத்தினம். இதை அவர் பாண்டுரங்கனிடம் சொன்னபோது, சவுக்குக் கழிகளின் மேல் உட்கார்ந்து தென்னங்கயிற்றை வாளித் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

பாண்டுரங்கன் பந்தயக் கமிட்டியின் குமாஸ்தா. ஐம்பத்திரண்டில் தொடங்கிய பந்தயத்துக்கு இது பத்தாவது வருஷம். மலர் போடுகிறார்கள். அதில் வரலாறு எழுதும் பொறுப்பு அவருடையது.

"எய்திக்கோ சார். அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் குதிரை வியுந்துகீது, தொரைங்க வியுந்துகீறாங்கோ. என் கட்டு மட்டும் வியுந்ததில்ல."

பாண்டுரங்கன் எழுதவில்லை. அவருடைய நோட்டில் வரலாறு ஏற்கெனவே பாதி முடிந்திருந்தது. 1954: ஆறாம் தடையில் 'நீலமணி' கால் முறிந்து மாண்டது, நினைவுக்கல் நடப்பட்டது. 1958: அதே தடையில் 'ராஜஹம்சம்'. இரண்டுக்கும் எதிரே ஒரே மசியில், 'குதிரைக்காரனின் கவனக்குறைவு.'

பந்தயம் மூன்று நாள். முதல் நாள் குதிரை சொன்ன பேச்சு கேட்டு நடந்து காட்ட வேண்டும். உத்திரமேரூர்ப் பெண்கள் இதைக் குதிரையைப் பெண் பார்ப்பது என்றார்கள். மூன்றாம் நாள் மைதானத்தில் வெள்ளையடித்த கழிகளைத் தாண்ட வேண்டும். குளம்பு பட்டால் கழி விழும், மார்க் குறையும், அவ்வளவுதான். நடுநாள்தான் கஷ்டம். ஏரிப் புறம்போக்கில் ஐந்து மைல், மேடு, பள்ளம், வாய்க்கால், பதினெட்டுத் தடைகள். அன்றைக்குத் தடை அரை அங்குலம்கூட அசையக் கூடாது. அசைந்தால் அப்புறம் வீரம் எதற்கு என்பது கமிட்டித் தலைவரின் வாதம்.

தலைவர் ஏற்படுத்திய வழக்கம் இன்னொன்றும் உண்டு. ஆறாம் தடைக்கு அந்தப் பக்கம், குதிரை வந்து இறங்கும் இடத்தில், அதனதன் குதிரைக்காரன் நிற்க வேண்டும். ஏறி வரும் எஜமான் விழுந்தால் குதிரையைப் பிடிக்க. குதிரையே விழுந்தால், எதிரே நின்றவனைக் கண்டு மிரண்டது என்று எழுதுவார்கள். தானாக விழுந்த குதிரை வரலாற்றில் கிடையாது.

ஐசக் ஓடிவந்தான். 'மோகினி' என்ற செவலைக் குதிரை அவன் பொறுப்பில் இருந்தது.

"அண்ணா, ஆறாவதாண்ட வந்து பாரேன். வாய்க்கா கசிஞ்சி குதிரை எகிர்ற பக்கம் ஒரே சேறா கீது. மோகினி பின்னங்கால் வயுக்கும்."

"அதுக்கு நான் இன்னாடா பண்ணணும்? மோகினியைத் தூக்கி அந்தாண்ட வுடணுமா?"

"மேல் கழிய மட்டும் உருவு முடிச்சா போடுணா. காலு பட்டா கழி போவும், குதிரை தப்பிச்சிக்கும்." ஐசக் குரலைத் தாழ்த்தினான். "அது வியுந்தா என்னைத் தொரத்திடுவாங்கோ. லாயத்து ரூமும் பூடும். வூட்ல மார்த்தாளுக்கு இது ஏயாம் மாசம்."

முனிரத்தினம் எழுந்தே நின்றுவிட்டார். "கேட்டீங்களா சார் கதைய! நுனிய மடிச்சி சொருவி, கன்னுக்குட்டி கட்டுற முடிச்சு போடணுமாம்! டேய் ஐசக்கு, பால் கறக்குற சொக்கம்மா கீறா பாரு, அவளக் கூப்புடு. அவ கண்ண மூடிக்கினே போடுவா."

குழி தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஐசக்கும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தான்.

"முடிச்சு அவுந்துதுன்னு ஒருத்தன் பார்த்தாலும் போதும்" என்றார் முனிரத்தினம், இந்தத் தடவை மெதுவாக. "இந்தத் தாலுகாவுல எவன் வூட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட என்னைக் கூப்புடுவான்? போடா, குதிரைக்குக் கொள்ளு வையி."

மறுநாள் காலை முதல் இரண்டு குதிரைகள் ஆறாம் தடையைத் தாண்டிவிட்டன. சேறு இன்னும் குழைந்தது. மூன்றாவது, சாம்பல் நிறக் குதிரை, எழும்பும்போதே சறுக்கியது. முன்கால்கள் மேல் கழியில் மோதின. கழி பிளந்தது, கட்டு அசையவில்லை. குதிரை தலைகுப்புறப் போய் அந்தப் பக்கம் விழுந்து புரண்டு எழுந்தது. எஜமானும் எழுந்தார். அங்கே நின்ற அதன் குதிரைக்காரன் வேதகிரி கடிவாளத்தைத் தாவிப் பிடித்தான். ஒரு குளம்பு அவன் தோளில் இறங்கியது.

குதிரை டாக்டர் ஓடினார். குதிரைக்குக் கம்பளி வந்தது. வெயில் படாமல் இரண்டு பேர் குடை பிடித்தார்கள். எஜமான் சோடா குடித்தார். வேதகிரியின் இடது கை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. வலது கையில் கடிவாளம் இருந்தது. விடு என்று யாரும் சொல்லவில்லை.

"குதிரைக்காரன் யாரு? எதுக்குய்யா எதிர்ல நின்னு மிரட்டினே?" என்றார் கமிட்டிச் செயலாளர்.

"அங்கதான் சாமி நிக்கச் சொன்னாங்கோ."

பாண்டுரங்கன் நோட்டைத் திறந்து இரண்டு வார்த்தை எழுதினார். வேறொருவன் வந்து கடிவாளத்தை வாங்கிக்கொண்டான். வேதகிரி தள்ளாடிப் போய் நீலமணியின் நினைவுக்கல்லில் சாய்ந்தான். எழுத்து அழுக்காகும் என்று யாரோ அவனை நகரச் சொன்னார்கள். அவன் நகர்ந்து வெறுந்தரையில் உட்கார்ந்தான்.

"முனிரத்தினம்! கழியை மாத்து, சீக்கிரம்! அடுத்தது மோகினி!"

முனிரத்தினம் தடைக்கு முன்னால் குத்துக்காலிட்டார். கழி இரண்டாகப் பிளந்திருக்க, அவருடைய முடிச்சு நேற்றுப் போட்டது போலவே இறுகிக் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கத்தியால் அறுத்தார்.

புதுக் கழியை ஏற்றினார். அந்தப் பக்கம் ஐசக் வந்து நின்றுவிட்டான். இவரைப் பார்க்கவில்லை, தன் கால் பதிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆச்சாய்யா?" என்று செயலாளர் கத்தினார்.

"ஆவுது சார்."

கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றினார். பந்தல்காரன் அடுத்து இரண்டு முறுக்குப் போட்டு, காலால் உதைத்து இறுக்குவான். அவர் காலைத் தூக்கவில்லை. கயிற்றின் நுனியை மடித்தார். மடிப்பைச் சுற்றுக்குள் செருகினார். இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று. கட்டை விரலால் சேற்றை வழித்து, இரண்டு முடிச்சுகளின் மேலும் பூசினார்.

"ஆச்சு சார்" என்றார். சேற்று விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

தூரத்தில் கொடி இறங்கியது.