சூடு தெரியாத கை

அருளப்பு கம்பவுண்டரிடம் மருந்து வாங்க வருகிறவர்கள் ஒரு கதையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். குருமடத்தில் மூன்று வருஷம் இலத்தீனும் கொஞ்சம் கிரேக்கமும் படித்துவிட்டு, செசீலியாவைக் கண்டதும் அங்கியை மறந்து அவளைக் கட்டிக்கொண்ட மனிதர் அவர். டாக்டர் மருந்துத் துண்டில் எழுதும், வாயில் நுழையாத நோய்ப் பெயர்களையெல்லாம் பிரித்து மேய்ந்துவிடுவார்.

ஒருநாள் காத்தான்குடி அசனார் காக்கா, ஏதோ பெரிய வியாதி என்று முகம் வெளிறி நின்றார். துண்டில் 'செஃபலால்ஜியா' என்றிருந்தது. கிரேக்கத்தில் 'கெஃபலே' தலை, 'அல்கோஸ்' வலி என்று விளக்கினார் அருளப்பு.

"நீங்க தலையிடி எண்டு சொன்னதத்தான் காக்கா, டாக்டர் கிரேக்கத்துல திருப்பித் தந்திரிக்கார்."

சிரித்த சிரிப்பில் அசனாருக்குப் பாதி வலி போய்விட்டது. பெயரைப் பிரித்துப்போட்டால் நோய்க்குப் பல் விழுந்துவிடும் என்று அருளப்பு மெய்யாகவே நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவர் குடியைக் கெடுத்தது.

ஒரு மாரிகாலத்தில் செசீலியா கஞ்சிப்பானையை இறக்கிவைத்துவிட்டு இடதுகையைப் பார்த்தாள். விரலெல்லாம் கொப்புளம். சுட்டதே தெரியவில்லை என்று அதிசயப்பட்டாள். அருளப்பு களிம்பு பூசியபடியே பாடம் நடத்தினார்: 'அன்' என்றால் இல்லை, 'ஐஸ்தேசிஸ்' என்றால் உணர்வு, ஆகவே இது அனஸ்தீசியா. அவளும் சிரித்தாள். பெயர் கிடைத்துவிட்டதல்லவா, டாக்டரிடம் காட்ட அவருக்குத் தோன்றவேயில்லை.

ஒரு வருஷம் கழித்து, முழங்கையில் வெளிறிய படை கண்டபிறகுதான் கூட்டிப்போனார். டாக்டர் அதே சொல்லைத் துண்டில் எழுதி, அதன்கீழே 'லெப்ரா' என்றும் எழுதினார். முன்னமே வந்திருந்தால் விரல்களையாவது காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். அருளப்புவுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

மாந்தீவுக் குஷ்டரோக ஆஸ்பத்திரிக்குத் தோணி காலையில் புறப்பட்டது. அக்கரைவரை கூடப்போக அருளப்புவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. செசீலியா தீவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருத்தத்துட பேருக்கும் ஒரு கதை இரிக்குமே. சொல்லுங்களன்."

'லெபிஸ்' என்றால் செதில், அதிலிருந்து வந்ததுதான் 'லெப்ரா'. அது அவருக்குத் தெரியும்.

தீவின் மரங்கள் கிட்ட வந்தன. அவள் திரும்பாமலே சொன்னாள்:

"பயமா இரிக்கு. என்ட கையக் கொஞ்சம் புடிச்சிக்கங்க."

தோணியில் ஏறியதிலிருந்து அந்த இடதுகையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.