பின்கதவுக்கு ஒரு வாக்கியம்

தையல் தொழிற்சாலையில் அவளை முகத்துக்கு நேரே 'இலக்கணம் அக்கா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வெறும் இலக்கணம். பத்தொன்பது ஆண்டுகள் ஒரு சிறிய பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள். பள்ளி மூடப்பட்ட பிறகு இங்கே வருகைப் பதிவேட்டு மேசைக்கு வந்துசேர்ந்தாள். யார் விடுப்புக் கடிதம் நீட்டினாலும் முதலில் அதிலுள்ள பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துவாள். பிறகுதான் விடுப்பு உண்டா இல்லையா என்று பார்ப்பாள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்றவளுக்கும் அதே நியதிதான்.

சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளரை அனுப்பும். இந்த முறை ஆய்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் மேலாளர் அவளைத் தம் அறைக்கு அழைத்தார்.

"போன தடவை ஒருத்தி ஆமான்னா, இன்னொருத்தி இல்லைன்னா. மானம் கப்பலேறிப் போச்சு. இந்தத் தடவை எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும் அக்கா. அதுவும் இங்கிலீஷ்ல."

"என்ன சொல்லணும்? எல்லாம் ஒழுங்கா இருக்குன்னா?"

"ஒழுங்கா இருக்குன்னா எவன் நம்புவான்? முன்னாடி தப்பு நடந்துச்சு, இப்ப திருத்திக்கிட்டோம்னு சொல்லணும். அவங்களுக்கு உச்சி குளிர்ந்துடும்."

அதற்கான அமைப்பு அவள் நாக்கின் நுனியிலேயே இருந்தது. யூஸ்டு டு. தமிழில் 'முன்பெல்லாம்' என்று தொடங்கி 'இப்போது இல்லை' என்று முடிக்க வேண்டியதை ஆங்கிலம் இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறது. ஒருவன் 'ஐ யூஸ்டு டு ஸ்மோக்' என்றால் புகைப்பதை விட்டுவிட்டான். 'வீ யூஸ்டு டு லிவ் ஹியர்' என்றால் வீடு மாறிவிட்டார்கள். இத்தனை கச்சிதமான ஒன்றைப் பயன்படுத்தாமல் விடுவதே குற்றம் என்று அவளுக்குத் தோன்றியது. மேலாளர் வழியனுப்பும்போது, வரும் மாதம் முடியவிருந்த அவளுடைய வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பது பற்றி, "ஆய்வு நல்லபடியா முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார்.

மறுநாள் முதல் மதிய இடைவேளையில் அரை மணி நேரம் பாடம். ஞாயிறும் வேலை செய்வோம், கழிப்பறைக்குப் போக அட்டை வாங்குவோம், சாயம் போடுகிறவர்களுக்குக் கையுறை கிடையாது, இஸ்திரிக் கூடத்தின் பின்கதவு பூட்டியிருக்கும். நான்கையும் 'யூஸ்டு டு' போட்டு நடந்து முடிந்த கதையாக்கினாள். உண்மையில் நான்கில் ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை. பெண்கள் சோற்றை விழுங்கிக்கொண்டே கோரஸாகச் சொன்னார்கள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் நல்லவர்னு சொல்ல இதையே போடலாமா?" என்றாள் பொத்தான் தைப்பவள்.

"போடலாம். போட்டா அந்த ஆள் இப்ப நல்லவர் இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப சரியாத்தான் இருக்கு!"

கூடமே சிரித்தது. இஸ்திரிக் கூடத்தில் வேலை செய்த, இலக்கணத்தின் தம்பி மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய இடது முன்கையில் புதுத் தோல் இளஞ்சிவப்பாய் மினுங்கியது. போன மாதம் இஸ்திரி மேசையின் விரிப்பில் தீப்பிடித்தபோது பதினொரு பெண்கள் பின்கதவில் முட்டி மோதினார்கள். துணி வெளியே போய்விடும் என்று அதை எப்போதும் வெளிப்புறமாகப் பூட்டிவைப்பது வழக்கம். சாவி காவலாளியின் பையில். காவலாளி தேநீர்க் கடையில். எப்படியோ வாளித் தண்ணீரால் அணைத்தார்கள். பதிவேட்டில் அது 'வீட்டில் ஏற்பட்ட காயம்' என்று ஏறியது. எழுதிய கை இலக்கணத்தின் கைதான்.

இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அன்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டே தம்பி மனைவி கேட்டாள்.

"அண்ணி, அந்தக் கதவு இன்னும் பூட்டித்தானே கிடக்கு? அதைப் போய் நான் எப்படிச் சொல்றது?"

"வாக்கியம் சொல்லத்தானே சொல்றேன். சத்தியமா பண்ணச் சொன்னேன்?"

"கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்க. ஒண்ணு என்ன, நூறு வாக்கியம் சொல்றேன். அடுத்த தடவை தீப்பிடிச்சா வாளி பத்தாது அண்ணி."

"ஆர்டர் போச்சுன்னா முன்னூறு பேர் வீட்டுல உலை கொதிக்காது. அதையும் கொஞ்சம் யோசி."

தம்பி மனைவி குழாயை இறுக்கி மூடினாள்.

ஆய்வாளர் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தட்டையான காலணி, கையில் ஓர் அட்டைப் பலகை. அன்று காலையிலேயே கழிப்பறை அட்டைகள் காணாமல் போயின, கையுறைகள் முளைத்தன, பின்கதவின் பூட்டு மேலாளரின் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. முதல் இரண்டு பெண்கள் வாக்கியங்களைக் கிளிபோல் ஒப்புவித்தார்கள். இலக்கணம் பக்கத்தில் நின்று உதடுகளை மட்டும் அசைத்தாள். ஆய்வாளர் தலையாட்டித் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள்.

மூன்றாவதாகப் பொத்தான் தைப்பவள். அவளிடம் பாடத்தில் இல்லாத கேள்வி வந்தது: எத்தனை குழந்தைகள்? கேள்வி புரிந்துவிட்டது, பதிலுக்கு அவளிடம் இருந்தது ஒரே அச்சு.

"ஐ யூஸ்டு டு ஹேவ் டூ சில்ட்ரன்."

ஆய்வாளரின் பேனா நின்றது. எழுந்து வந்து பொத்தான் தைப்பவளின் தோளைத் தொட்டு வருத்தம் சொன்னாள். அவளோ இத்தனை அன்பைக் கண்டு பூரித்து, "தேங்க் யூ, தேங்க் யூ" என்றாள். இரண்டும் உயிரோடு பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன என்று இலக்கணம் இடையில் புகுந்து சொல்ல வேண்டியதாயிற்று. ஆய்வாளர் இலக்கணத்தைச் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு பெயர்ப் பட்டியலை மூடிவிட்டு, யாரையும் கேட்காமல் இஸ்திரிக் கூடத்துக்குள் நடந்தாள்.

நேரே பின்கதவுக்குப் போய்த் தள்ளினாள். திறந்தது. மேலாளர் மூச்சுவிட்டார். ஆய்வாளர் திரும்பினாள். பக்கத்து மேசையில் நின்ற தம்பி மனைவியின் முன்கைமீது அவள் கண் தங்கியது. இந்தக் கதவு நேற்று திறந்திருந்ததா என்று கேட்டாள். உன் மொழியிலேயே சொல், இந்த அம்மா எனக்கு மாற்றிச் சொல்லட்டும் என்றாள்.

கேள்வியை இலக்கணம் தமிழில் சொன்னாள். தம்பி மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நேத்தும் பூட்டு, முந்தாநேத்தும் பூட்டு. இவங்க வண்டி ஏறினதும் மறுபடி பூட்டு. இந்தக் கை வெந்தது இங்கதான், எங்க வீட்டு அடுப்புல இல்ல. ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க அண்ணி."

மேலாளர் விட்டத்தைப் பார்த்தார். இலக்கணம் ஆய்வாளரின் பக்கம் திரும்பினாள். முன்னூறு வீட்டு உலைகளை அவள் அப்போது நினைக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தைத்தான் நினைத்தாள். பிழையில்லாத ஆங்கிலம் வாயிலிருந்து வந்தது: "இட் யூஸ்டு டு பி லாக்டு, மேடம். நாட் எனிமோர்."

ஆங்கிலத்தில் தம்பி மனைவிக்குத் தெரிந்தது மொத்தம் நான்கு வாக்கியங்கள். நான்கிலும் அந்த இரண்டு சொற்கள் இருந்தன. இரண்டு வாரமாக அவள் வாயில் திணித்ததும் அண்ணியேதான். அவள் முகம் ஒருகணம் இலக்கணத்தின் பக்கம் நிலைத்தது. "நோ, நோ" என்று ஆய்வாளரைப் பார்த்துச் சொன்னாள். மேற்கொண்டு சொல்லச் சொல் கிடைக்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டினாள். ஆய்வாளர் கேள்வியோடு மொழிபெயர்ப்பாளரை நோக்கினாள்.

"வீட்டில் பட்ட காயம்" என்று இலக்கணம் ஆங்கிலத்தில் சொன்னாள். "பதிவேட்டில் இருக்கிறது."

பதிவேடு வந்தது. அதில் இருந்தது. கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால் ஆய்வாளருக்குப் படிக்கச் சிரமமே இல்லை. அவளுடைய தாளில் ஒரு கட்டத்துக்குள் டிக் விழுந்தது.

சாப்பிடும்போது தம்பி, "ஆய்வு எப்படிப் போச்சு?" என்று கேட்டான்.

"பிரமாதமா போச்சு. உங்க அக்காவுக்கு நான் சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சு, ஒண்ணுகூட வாயில வரல" என்றாள் அவன் மனைவி. தம்பி புரியாமல் இருவரையும் பார்த்தான்.

மறுநாள் நீட்டிப்பு ஆணையோடு மேலாளர் ஒரு சாவியையும் கொடுத்தார். "காவலாளி பொறுப்பில்லாதவன். இனிமே காலையில நீங்களே பூட்டிடுங்க அக்கா. உங்ககிட்ட எதுவும் தப்பாது."

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அவள் சுற்றிக்கொண்டு கூடத்தின் பின்புறம் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பதினொரு மேசைகளிலும் நீராவி கிளம்பத் தொடங்கியிருந்தது. தம்பி மனைவி முதல் சட்டையை விரித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு நிக்கிறீங்க மேடம்? பூட்டுங்க. எங்களுக்கு வேலை இருக்கு."

இலக்கணம் கதவை இழுத்தாள். பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று, எதையும் சரிபார்க்கும் தன் வழக்கப்படி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.