அட்டையின் கீழ் வரி

காலை ஐந்தரைக்குத் தயாளன் எழுந்தான். பல் துலக்கினான். ஹாலின் நடுவில் இருந்த துணிக்கூடையைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். கோப்பி கலக்கி ஜன்னலோரம் நின்று குடித்தான். ஜெலுத்தோங் சந்தைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களின் சத்தம் ஏழாவது மாடி வரை கேட்டது. திரும்பும்போதும் கூடையைச் சுற்றியே வந்தான். துணிகள் மடிக்கப்படாமல் கிடந்தன. சிலவற்றில் கிளிப்கூட அப்படியே இருந்தது. பன்னிரண்டு நாளாக இப்படித்தான். அவன் மனைவி பிரமிளா இறந்தும் பன்னிரண்டு நாள்.

ஏழு மணிக்குக் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, மாமியார் குணவதி அடிக்கச் சொல்லியிருந்த நினைவு அட்டை. நடுவில் பிரமிளா சிரித்தாள். மேலே ஆங்கிலத்தில், அவள் தன் ‘செலஸ்டியல்’ இல்லத்துக்குப் போய்விட்டதாக எழுதியிருந்தது. கீழே தமிழில்: ‘முருகா என்று அழைத்தபடியே கண் மூடினாள்.’ பத்து மணிக்குள் சரி என்று சொன்னால் அச்சுக்குப் போய்விடும் என அச்சகக்காரர் புஷ்பவள்ளி குறிப்பு அனுப்பியிருந்தார்.

கீழ் வரி பொய். மருத்துவமனையில் குணவதி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியா என்ன சொன்னா மாப்ள? முருகான்னாளா?” என்று கேட்டார். அவன் தலையாட்டினான். ஏன் ஆட்டினான் என்று இன்றுவரை அவனுக்கு விளங்கவில்லை.

அந்த வரியைப் பற்றி யோசிக்க வேண்டியவன், மேல் வரியின் ஆங்கிலச் சொல்லைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தான். விண்ணுக்குரியது, தெய்விகமானது. பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீன் மூலச் சொல்லுக்கு வானம் என்று பொருள். சொர்க்கம் என்றும் பொருள். தட்பவெப்பம் என்றும் பொருள். அதற்கும் முன்னால் அது எங்கே இருந்தது? உறுதியாகத் தெரியாது என்று அகராதியே கைவிரித்துவிட்டது. மூன்று முறை படித்தான். பிறகு பஸ் பிடித்து, அச்சகம் இருந்த லிட்டில் இந்தியாவுக்குப் போனான்.

அச்சகத்தில் குணவதி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் அட்டையின் மாதிரி அச்சு ஒன்று இருந்தது.

“இந்த மேல் வரிய எங்கேருந்து எடுத்தீங்கக்கா?” என்று புஷ்பவள்ளியிடம் கேட்டான்.

“எல்லாருக்கும் போடுறதுதான் தம்பி. ஏன், தப்பா?”

“இல்ல. அந்த வார்த்த எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்தேன். லத்தீன் வரைக்கும் போவுது. அதுக்கு மேல சரியாத் தெரியலையாம்.”

“பொறந்த எடம் தெரியாதா? அப்போ பொறப்புப் பத்திரம் இல்லாதவங்க மாதிரி அதுக்கும் ஐசி அட்டை கெடைக்காதுலா!” சொல்லிவிட்டு, குணவதியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தயாளனுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. வரவில்லை.

“சொர்க்கம்னுதானே அர்த்தம் மாப்ள?” என்றார் குணவதி.

“ஆமா அத்த. வானம்னும் சொல்றாங்க. அது இருக்கட்டும்.” கீழ் வரியில் விரலை வைத்தான். “இது வேணாம். அவ முருகான்னு சொல்லல.”

புஷ்பவள்ளி ஏதோ எடுப்பதுபோல் உள்ளே போய்விட்டார்.

“நீங்கதானே தலைய ஆட்டுனீங்க?” குணவதியின் குரல் உடைந்தது. “நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சாமிய நெனச்சுக்கிட்டே போனான்னுதான் ரெண்டு வாய் சோறாவது எறங்குது எனக்கு.”

“ஆட்டினேன். ஏன்னு எனக்கே தெரியல.” அட்டையைத் திருப்பி வைத்தான். “இது அச்சாயிட்டா அவ சொன்னது எனக்கு மறந்துரும் அத்த. இப்பவே சில நேரம் முருகான்னு அவ குரல்ல கேக்குது. அவ சொன்னாளா சொல்லலையான்னு கொழம்பிப் போறேன்.”

குணவதி கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார். வெளியே ஒரு பஸ் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

“பின்ன என்னதான் சொன்னா? தலவலின்னாளா? என்னயக் கேட்டாளா?”

“இல்லத்த. அடுப்படிலேருந்து கத்தினா. நான் வெளிய போய்ட்டுக் கூடையோட உள்ள வர்றேன், கீழ கெடந்தா. அப்புறம் பேசவே இல்ல.”

“என்ன சொல்லிக் கத்தினா? அதச் சொல்லுங்க.”

அவள் சொன்ன மாதிரியே சொல்லப் பார்த்தான்.

“மழ வருதுலா, துணிய எடுங்க. கிளிப்பக் கீழ போட்டுறாதீங்க, ஆறாவது மாடி அக்கா ஏசுவாங்க.”