காது நட்டு

இடுப்பு கழன்று தனியாகக் கிடப்பது போல் வலித்தது. விடிந்ததிலிருந்து காருக்கு அடியில்தான் கிடந்தேன். லாரிப் பட்டறையில் நாற்பது வருடம் தேய்ந்த உடம்புக்கு சிமெண்டுத் தரை ஆகவில்லை.

அது இரண்டு பேர் உட்காரும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நானும் அக்கா வீட்டுக்காரரும் இரும்பு விலைக்கு வாங்கி, பிரித்துப் பூட்டி ஓட வைத்தோம். ஓட வைத்த வாரமே மாமா தனியாக எடுத்துக்கொண்டு போனார். வளைவில் முன்சக்கரம் கழன்று, சுவரில் மோதிச் செத்தார். சட்டைப் பையில் கால் பாட்டில் பிராந்தி உடைந்து கிடந்தது. விசாரணை அதோடு முடிந்தது. இருபத்திரண்டு வருடமாக அக்கா குடிகாரன் பொண்டாட்டி. மாமா படத்தை அவள் சுவரில் மாட்டவே இல்லை.

கழன்ற சக்கரத்தைத் திருப்பி மாட்டி, காரை இழுத்து வந்து ஷெட்டில் மூடிப் போட்டேன். வேலை ஓய்ந்து, இந்த வருடம்தான் தார்ப்பாயை எடுத்தேன்.

இந்தக் காரின் சக்கரத்துக்கு நடுவில் ஒரே நட்டு. இரண்டு காது வைத்தது. செம்புச் சுத்தியலால் காதில் அடித்து இறுக்க வேண்டும். இறுக்கி, நட்டு நகர்ந்தால் தெரியட்டும் என்று நட்டுக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். மறுநாள் காலையில் வலது முன்சக்கரத்தில் கோடு ஒரு விரல் பிரிந்து கிடந்தது. கார் ஸ்டாண்டின் மேல், சக்கரம் அந்தரத்தில். ஷெட் சாவி என் இடுப்பில். திரும்ப இறுக்கினேன். அடுத்த நாள் இரண்டு விரல்.

மூன்றாம் நாள் மத்தியானம் நானும் அக்காவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஷெட்டில் ணங் என்று ஒரு அடி.

அக்கா கையை நிறுத்தினாள். “யாருடா உள்ள?”

“யாருமில்லக்கா. வெயிலுக்குத் தகரம் முறுக்குது.”

“தகரத்துக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியுமா? உங்க மாமா அடிக்கிற அடி மாதிரியே இருக்கு. உசுரோட இருக்கும்போது சொன்ன வேலைய செய்யல, செத்து வந்து செய்யுறாரு பாரு, குடிகாரரு.”

சிரித்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

போய்ப் பார்த்தேன். நட்டு அரைச் சுற்று வெளியே வந்திருந்தது. சக்கரத்தை முன்பக்கமாக உருட்டி, நட்டை மட்டும் விரலால் பிடித்தேன். கழன்றது. இறுகியிருக்க வேண்டும். இந்தக் காரில் இரண்டு பக்கமும் நட்டு ஏறும் மரை எதிரெதிர். ஓட ஓட நட்டு இறுகத்தான் அப்படி வைத்திருக்கிறான். சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில்தான் அந்த மரை; அது பக்கம் மாறினால் ஓட ஓட அவிழும்.

சக்கரத்தை உருவி, மண்ணெண்ணெய் போட்டு ஹப்பைத் துடைத்தேன். கிரீசுக்கு அடியில் மஞ்சள் பெயின்ட். மாமா கையெழுத்து. இடதுக்கு ‘இ’. வலது பக்கத்தில் இருந்தது அது.

மாமா டிரைவர் சீட்டிலிருந்து பார்த்து இடது, வலது எழுதியவர். பூட்டியது நான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்து, காரின் மூக்குக்கு எதிரே குத்தவைத்துப் பூட்டினேன். என் இடது கை காருக்கு வலது. மரை எப்படிப் போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. சுற்றின பக்கம் ஏறியது, அடித்து இறுக்கினேன்.

“என்னடா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?” அக்கா வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

“ஒண்ணுமில்ல. பார்ட்டு மாறிக் கிடக்கு.”

அவள் போகவில்லை. இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டாள். “நிஜமா சொல்லு. அன்னிக்கு நீதானே கூட இருந்த. கிளம்பும்போது ரொம்பக் குடிச்சிருந்தாராடா?”

கிளம்பும்போது மாமா பாட்டிலைத் திறந்திருக்கவே இல்லை. கண்ணோரத்தில், நான் தொடாத இடது முன்சக்கரம் மெல்லச் சுற்றத் தொடங்கியது. ஷெட்டில் காற்றே இல்லை. அக்கா அதைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாக்கா,” என்றேன்.

ஹப்புகளை அன்றைக்கே மாற்றிப் பூட்டிவிட்டேன். மாமாவைக் கொன்றது குடி இல்லை, நான் பூட்டிய ஹப் என்ற உண்மை அக்காவுக்கு நான் தர வேண்டிய கடன். இன்னும் கொடுக்கவில்லை.